"நலம்" என்று எழுத மறுத்தவர்

கொரோனாக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் இருந்த சிகிச்சை நிலையம் ஒன்றில் நான் தாதியாக வேலை செய்தேன். மூதூரிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் அம்புலன்ஸ் சாரதி ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியான மனிதர், முகக்கவசம் உராய்ந்து மூக்குத்தண்டு புண்ணாகியிருந்தது. உதவிக்கு ஆள் இல்லாததால், பின்னால் படுத்திருப்பவரோடு வழிநெடுக அவரே சத்தமாகக் கதைப்பார். "கண்ணை மூடாதீங்க, சீனன்குடா தாண்டிட்டம்."

ஒருநாள் அவர் ஏற்றிவந்த பெண் வழியிலேயே இறந்துபோனாள். அது தெரியாமல், எங்கள் வாசலுக்கு வரும்வரை அவளோடு கதைத்துக்கொண்டே வந்திருந்தார்.

அடுத்த வாரம் ஊழியர்களுக்கு ஒரு படிவம் தந்தார்கள். மனநிலை எப்படி என்ற கேள்விக்கு எல்லோரும் "நலம்" என்று எழுதினோம். அவர், "நித்திரை இல்லை. வண்டியில் ஏறினால் அழுகை வருகிறது" என்று எழுதினார்.

மேற்பார்வையாளர் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். "மாத்தி எழுதுங்க. இல்லாட்டி வேலையில வச்சிருக்க ஏலாது."

"ஏலாது சேர். காய்ச்சல் எண்டா எழுதச் சொல்றீங்கதானே? இதுவும் அது மாதிரி ஒரு வருத்தம்தான், நோய்தான். டொக்டரிட்ட அனுப்புங்க, சுகமாகி வந்து வண்டி ஓடுறன்."

வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவரோ வீட்டுக்குப் போகாமல், அலுவலக வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் வண்டி ஓட்ட வந்தார். அதற்குள் நானும் என் படிவத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, "நலம்" என்பதை வெட்டியிருந்தேன்.