தூரங்களா என்று கேட்டவர்

அங்கப்பனுக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வராது. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டார். கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் "தூரங்களா?" என்று கேட்பார். போகிறவரும் "இல்லீங்க, பக்கந்தான்" என்பார். காசிக்கே போனாலும் அப்படித்தான் சொல்வார். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. இந்த மரியாதைதான் தொண்ணூற்று நான்காம் வருஷம் செங்காட்டுப்புதூருக்கு வரவேண்டிய பைபாஸைக் கெடுத்தது.

கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர் அது. ரோட்டுக்குக் கிழக்கே வீடுகள், மேற்கே பள்ளிக்கூடம். நடுவில் தேங்காய் லாரியும் காய்கறி லாரியும் பழனி பஸ்ஸும் ஓயாமல் பறக்கும். முந்தின வருஷம்தான் பக்கத்து வீட்டு ராசாத்தாளின் மகளுக்கு அந்த ரோட்டில் ஒரு கால் போனது. அங்கப்பனின் மகள் இளவேனில் ஆறாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரியும்வரை அவருக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. பைபாஸ் வேண்டுமென்று ஊரில் அவரைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை.

அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். அங்கப்பன்தான் எட்டாவது படித்து, நெடுஞ்சாலைத் துறையில் ரோட்டு வேலைக்குச் சேர்ந்தார். அரசாங்கம் அந்த வருஷம் சில ஊர்களின் பைபாஸுக்கு மட்டும் பணம் ஒதுக்குவதாக இருந்தது. ஊரில் வேலையில்லாமல் சும்மா கடந்துபோகிற வண்டிகள் பாதிக்கு மேல் இருந்தால்தான் பணம். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் இன்ஜினியர் கோவிந்தராஜுலு படிவக் கட்டை அங்கப்பன் கையில் கொடுத்தார். ஒவ்வொரு டிரைவரிடமும் எங்கே போகிறார் என்று கேட்க வேண்டும். பக்கத்து ஊர் என்றால் இடது கட்டத்தில் ஒரு கோடு, தூரம் என்றால் வலது கட்டத்தில் ஒரு கோடு.

முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்ட லாரிக்காரரிடம் போய் அப்படிக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. "தூரங்களா?" என்றே கேட்டார். பக்கந்தான் என்றார்கள். இடது கட்டத்தில் கோடு விழுந்தது. ஒட்டன்சத்திரம் போகிறவரும் பக்கம், மதுரைக்குப் போகிறவரும் பக்கம். அரசாங்கத் தாளில் வாய் சொன்னதைத்தான் எழுதலாம், சொந்த யோசனையைச் சேர்க்கக் கூடாது என்று நம்பிய மனுஷன். ஏழு நாளும் ஒரு கோடு கூடக் கூட்டியோ குறைத்தோ போடவில்லை. நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. நூற்றுக்கு எண்பத்தேழு உள்ளூர் வண்டிகளாம். பைபாஸ் தேவையில்லையாம். பணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஊரே கூடி நின்று அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தது. அங்கப்பனும் அந்தக் கூட்டத்தில் நின்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி மாசாணியம்மாள் விசாரித்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டார். அவள் கோபப்படவில்லை.

"போய் உள்ளதைச் சொல்லிப்போடுங்க. வேல போனாப் போகுது. தோட்டத்து வேல எனக்கு மறந்தா போச்சு?"

மறுநாள் இன்ஜினியர் முன்னால் கைகட்டி நின்று சொன்னார். சிரிக்க வாயைத் திறந்த கோவிந்தராஜுலு பாதியில் நிறுத்திக்கொண்டார். முந்தின வாரம் சேலத்துக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவரும் பக்கந்தான் என்று சொல்லிவிட்டுப் போனவராக இருக்க வேண்டும். அங்கப்பனுக்கு ஒரு மெமோ கிடைத்தது, வேலை தப்பியது. மறுபடி கணக்கெடுக்க உத்தரவு வர ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் இளவேனில் அதே ரோட்டைத் தாண்டினாள். படிவக் கட்டை இன்ஜினியர் அங்கப்பனிடமே கொடுத்தார். தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தானே என்றார்.

முதல் நாள் காலை, பள்ளிக்கூட நேரம். முதலில் வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டார்.

"எங்கீங்க போறீங்க?"

டிரைவரின் முகம் கறுத்தது. "ஏனுங்க, வெடியால நேரத்துல இப்படியா கேப்பீங்க?"

"எம்புள்ள இந்த ரோட்டைத் தாண்டித்தானுங்க பள்ளிக்கூடம் போகுது. நெசத்தைச் சொல்லிப்போடுங்க."

டிரைவர் ரோட்டோரம் காத்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "மதுரைங்க" என்றார்.

சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்தார். சகுனம் தடைப்பட்டால் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தானே கிளம்ப வேண்டும். இறங்கி மைல்கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அங்கப்பன் தன் சொம்பை நீட்டினார். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. எதிரே பொள்ளாச்சியிலிருந்து வந்தவையும் என்ன ஏதென்று பார்க்க நின்றன. கிழக்கே காத்திருந்த பிள்ளைகள் ரோட்டில் இறங்கினார்கள். இளவேனில் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல், கூட வந்தவளோடு பேசிக்கொண்டே, நடுரோட்டில் நிதானமாக நடந்து போனாள்.

அவள் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டும்வரை அங்கப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் வலது கட்டத்தில் முதல் கோட்டைப் போட்டார்.