மலையடி ஊதாப்பூ

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே சிம்பாங் பூலாய்ப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. வீடுகள் போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் நானும் எதிர்வீட்டு அக்காவும் ஈப்போவிலிருந்து அவள் காரில் போவோம். நான் மார்க்கெட் மல்லிகைச் சரம் எடுத்துப் போவேன். அக்கா, கோயிலுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலையடிக்குத் தனியாகப் போய் ஒரு கை ஊதாப்பூ பறித்து வருவாள். அவரைப்பூ போல இருக்கும், கொஞ்சம் பெரியது. வேறெங்கும் நான் கண்டதில்லை.

பூசாரி அவள் பூவை அம்மன் தலையில் வைப்பார். என் சரம் வாசல் சூலத்துக்குப் போகும்.

"இத எங்க பறிக்கிறக்கா?"

"ஆத்தா காட்டுறா, நான் பறிக்கிறேன்லா. உனக்குத்தான் மார்க்கெட் இருக்கே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாயே, உன் முன்னால் நின்றுதான் பொறாமைப்பட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக பஸ் ஏறிப் போய்த் தேடினேன். பாறை இடுக்கில் ஒரே ஒரு கொடி. வேரோடு தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சு. நோய் என்று நினைத்து, ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளிப்போட்டு, மஞ்சள் தண்ணீரில் அலசி நட்டேன்.

அந்த வெள்ளி அக்கா வெறுங்கையோடு திரும்பினாள். "எந்தப் பாவியோ தோண்டிட்டுப் போய்ட்டான்டி." அன்றைக்கு என் சரம் அம்மன் தலைக்கு ஏறியது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்தே நாளில் கொடி காய்ந்தது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரை சாதிம்மா இது. அந்த முடிச்சுதான் அதுக்குச் சோறு. அதையா கிள்ளுன? இந்தக் கொடி எங்க பாத்தாலும் கிடைக்குற கொடியில்லம்மா."

"விதை விழுந்திருக்கும், வா தேடுவோம்" என்று அக்கா அதன்பின் வாராவாரம் என்னையும் கூட்டிப்போனாள். ஒருநாள், "இங்க பாரு, முளை!" என்று கத்தினாள். ஓடினேன். கும்பிட வேண்டிய நேரத்தில், இவள் கண்ணிலா முதலில் பட வேண்டும் என்றுதான் தோன்றியது. எனக்கே பயமாகிவிட்டது.

"அக்கா, தோண்டுனது நான்தான்."

அவள் திட்டவில்லை. முளையைச் சுற்றிக் கல் அடுக்கினாள். "இனிமே நீ கார்லயே இரு."

இப்போதும் அவள் காரில்தான் போகிறேன். அவள் மலைப்பக்கம் போய் வரும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வரும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் கையைத்தான் பார்க்கிறேன்.