ஊட்டுக்குப் போட்ட சிவப்பு வட்டம்

பிளக்ஸ் பேனர் போட்டி ஒன்றுக்கு நான் பதினான்கு விதிகள் எழுதியிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் கெஞ்சவும் இல்லை. ஐம்பதைத் தாண்டி, கண்ணாடி இல்லாமல் டவுன் பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாத நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்துக் கைப்பேசிக் குழு ஒன்றுக்கு அரசியல் சாசனம் இயற்றினேன். முடித்ததும் வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். என் குரலில் ஏறியிருந்த கம்பீரத்தைக் கவனித்த மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. பிளக்ஸ் கடைக்காரர்கள் சிலர் பேனர் வாசகங்களையும் எனக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான் சேலம், நாமக்கல் பக்கத்து பேனர் வடிவமைப்பாளர்களின் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே மாதம் ஒரு போட்டி. காதுகுத்து, நிச்சயதார்த்தம், கண்ணீர் அஞ்சலி என்று ஏதாவது ஒரு தலைப்பு கொடுப்பார்கள். எந்தப் பேனருக்குக் கட்டைவிரல் குறி அதிகம் விழுகிறதோ அதற்கு வெற்றி. வென்றவரின் கடைப் பெயரும் எண்ணும் ஒரு மாதம் குழுவின் முகப்புப் படமாக இருக்கும். மண்டபக்காரர்களும் சமையல்காரர்களும் குழுவில் இருந்ததால் அந்த மாதம் அந்தக் கடைக்கு வேலை வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே போட்டிக்கு முந்தைய நாள் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் குழுவில் வந்து இறங்குவார்கள். விரலைக் காட்டிவிட்டு, கை கழுவாமல் பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்களைப் போல, மறுநாளே வெளியேறுவார்கள். நாமக்கல்லில் கடை வைத்திருந்த ஒருவர் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். அவருடைய ஒரே கலைத் தகுதி, அப்பாவோடும் அம்மாவோடும் கூடப் பிறந்தவர்கள் நிறையப் பேர் என்பது. பேனரில் அத்தனை பேரையும் கறுப்புக் கண்ணாடியோடு, போனைக் காதில் வைத்தபடி வரிசையாக ஒட்டிவிடுவார். அவர்கள் ஓட்டுப் போட்டது அவருக்கல்ல, அவரவர் மூஞ்சிக்கு.

என்னைக் கெடுத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. குமாரபாளையத்தில் வீட்டு முன்னறையில் கணினி வைத்துத் தனியாக பேனர் வடிவமைக்கும் ஒரு பெண் பேசினாள். அவளுடைய வாசகங்களையும் நான் திருத்திக் கொடுத்ததுண்டு.

"ஏனுங்ண்ணா, இந்தப் போட்டியில ஒருக்காச்சும் செயிச்சாத்தான் நாலு பேருக்கு என் கடை தெரியுமுங்க. ஆனா எனக்கு ஓட்டுப் போட ஆளில்லீங்க."

"சொந்தக்காரங்க இல்லையாம்மா?"

"இருக்கறாங்க. நாங்களா கல்யாணம் பண்ணிக்கிட்டோமுங்க. அதுக்கப்பறம் அவங்க ஊட்லயும் பேசறதில்ல, எங்க ஊட்லயும் பேசறதில்ல. விரலு எங்கிருந்துங்க வரும்?"

இதைக் கேட்டபின் சும்மா இருந்திருக்கலாம். நான் சீர்திருத்தவாதி ஆனேன். ஓட்டு ஒழிந்தது. பெயரில்லாமல் படைப்புகளை அனுப்ப வேண்டும். மூன்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஏழாம் விதி என் செல்லப் பிள்ளை: 'எழுத்துப்பிழை உள்ள படைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கப்படாது.' அந்த 'எவ்வளவு அழகாக இருந்தாலும்' என்ற இடத்தில் எனக்கே புல்லரித்தது. எட்டாம் விதிப்படி பிழையை அடையாளமிட்டுக் குழுவில் வெளியிட வேண்டும், அடுத்தவர்கள் திருந்துவதற்காக.

நடுவர்களில் நான் ஒருவன். சூரமங்கலத்தில் இருக்கும், ரயில்வேயில் ஓய்வுபெற்ற எழுத்தர் இன்னொருவர். அவருக்கு விதி என்றால் தாய்மொழி மாதிரி. மூன்றாமவர் பிளக்ஸ் இயந்திர முதலாளி; ரயில்வேக்காரர் என்ன சொன்னாலும் "அதேதானுங்க" என்பார்.

முதல் தலைப்பு, புதுமனை புகுவிழா. வந்தவற்றில் பெரும்பாலானவை வழக்கமான மாமாக்கள். ஒன்றில் மட்டும் ஆளே இல்லை. பாதி திறந்த கதவு, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள், ஓரமாக ஒரு குழந்தைச் செருப்பு மட்டும் குப்புறக் கிடந்தது. மேலே ஒரே வரி: 'நம்ம ஊட்டுக்கு வாங்க.' பெயர் போடாவிட்டாலும் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. யாரும் வராத வீட்டுக்காரி போட்ட செருப்புக் குவியல் அது. இதற்குத்தான் பரிசு என்று முடிவு செய்துகொண்டு மூவரும் பேசும் அழைப்புக்குப் போனேன்.

"மூணாவது படம் தள்ளுபடி," என்றார் ரயில்வேக்காரர். "வீட்டுக்குன்னு இருக்கோணும். ஊட்டுக்குன்னு இருக்குது."

"அது பேச்சு வழக்குங்க. வேணும்னேதான் அப்படி எழுதியிருக்காங்க."

"வேணும்னே எழுதுனாப் பிழையில்லைன்னு விதியில இருக்குதுங்களா?"

இல்லை. விதியை எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

"நீங்க இப்ப எங்கிருந்துங்க பேசறீங்க?" என்று மடக்கினேன்.

"எங்க ஊட்ல இருந்துதான்," என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். "பேசறது வேறங்க, எழுதறது வேற. நீங்கதானுங்களே ஏழாவதுல போட்டிருக்கீங்க, எவ்வளவு அழகாக இருந்தாலும்னு."

"அதேதானுங்க," என்றார் இயந்திர முதலாளி.

ஒரு வாரமாக நான் குழுவில் 'விதிக்கு முன் எல்லோரும் சமம்' என்று முழங்கிக்கொண்டிருந்தேன். அந்த மரியாதையைக் காப்பாற்றுவதா, அவளைக் காப்பாற்றுவதா என்று வந்தபோது, நான் தயங்கிய நேரம் மிகக் குறைவு. எட்டாம் விதிப்படி அடையாளமிடும் வேலை பிழை திருத்துபவன் என்ற முறையில் என்னிடம் வந்தது. கைப்பேசித் திரையில் விரலால் 'ஊட்டுக்கு' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டேன். வட்டமாகக்கூட வரவில்லை, நசுங்கிய தக்காளி மாதிரி வந்தது. அதைக் குழுவில் போட்டேன்.

வென்றவர் அதே நாமக்கல்காரர். அவருடைய பேனரில் 'நல்வரவு' என்ற ஒரே சொல்தான் இருந்தது. பிழை செய்ய வாய்ப்பே தராத மேதைமை. மிச்ச இடமெல்லாம் மாமாக்கள். பங்காளிகளைக் குழுவில் சேர்த்து வெளியேற்றும் சிரமம்கூட இந்த முறை அவருக்கு இல்லை. சீர்திருத்தத்தால் பயனடைந்த ஒரே மனிதர் என்ற முறையில் எனக்கு நன்றி தெரிவித்து ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்.

ஏழாம் விதிக்குத் திருத்தம் எழுதிக் குழுவில் போட்டேன். அதன் கீழே ஒருவர் பழைய லேமினேஷன் இயந்திரம் விற்பனைக்கு என்று போட்டார். அத்தோடு விவாதம் முடிந்தது.

சில நாள் கழித்து, வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். விதியை எழுதியவனே நான்தான், வட்டம் போட்டதும் நான்தான் என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"உடுங்ண்ணா. முகப்புல வந்திருந்தா மாசம் பூரா வேலை வந்திருக்கும். இப்ப ஒருத்தருதான் வந்தாருங்க. பவானிக்காரரு, புது ஊடு கட்டியிருக்காரு. நீங்க குழுவுல போட்டீங்கல்ல, அதை என்னுதுன்னு தெரிஞ்ச யாரோ என் நம்பரோட அவருக்கு அனுப்பியிருக்காங்க. அதே பேனரு வேணும்னாரு."

"பரவாயில்லையே. அந்த வட்டம் இல்லாம சுத்தமான படம் உங்ககிட்ட இருக்குதில்ல?"

"இருக்குதுங்க. எடுத்துப்போட்டுத் தாரேன்னுதான் சொன்னேன். அவருதான், வேண்டாம், அந்தச் செவப்பு அப்படியே இருக்கட்டும், கோணலா இருந்தாலும் திருஷ்டிக்கு ஆகும்னுட்டாருங்க."