வெள்ளிக்கிழமை மாரியாயி

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈரப் புடவையோடு கிழக்கே பார்த்து நின்று, வாயை இறுக மூடிக்கொள்கிறாள் மாரியாயி. இனி அந்த வாய் பேசுவதற்குத் திறக்கும், சாப்பிடத் திறக்காது. சாயங்காலம் ஊர்த் தெரு மாரியம்மன் கோயிலில் மணியடித்துத் தீபம் காட்டும் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை உண்டு. அதை மட்டும் தண்ணீரில்லாமல் மென்று விழுங்குவாள். கசக்கவில்லையா என்று மருமகள் ஜோதி கேட்டால், “கசந்தாக் கசக்கட்டும். ருசியா இருந்தாத்தான கண்ணு வெரதம் கெடும்” என்பாள்.

ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் காலனியில் மாரியாயி என்ற பெயரில் இன்னும் சிலர் உண்டு. அதனால் இவள் வெள்ளிக்கிழமை மாரியாயி. அன்றைக்குக் கட்டிலில் படுக்க மாட்டாள். தொலைக்காட்சித் தொடரும் பார்க்க மாட்டாள். “அதுல எந்நேரமும் திங்கறாங்க” என்று அதற்குக் காரணம் சொல்வாள். முறத்தை மடியில் வைத்து நிலக்கடலை உடைத்துக்கொண்டே அம்மனோடு பேச்சுக் கொடுப்பாள். அதைப் பிரார்த்தனை என்று சொல்ல முடியாது, அடுத்த வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். “ஏ ஆத்தா, மழையத்தான் குடுக்கல. இந்தக் கொசுவையாவது எடுத்துக்கிட்டுப் போகக் கூடாதா?”

விரதம் தொடங்கியது அவள் இளவயதில். தறிக் கொட்டகையில் நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை. கைக்குழந்தையாக இருந்த மகன் அன்பரசுக்கு அம்மை போட்டு, கண் இமைகளே ஒட்டிப் போய்விட்டன. புருஷன் காத்தான் வேப்பிலைக்கு ஓடினான். இவள் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு, “இவங் கண்ணத் தொறந்து உடு. உன்ற வெளக்கப் பாக்காம வெள்ளிக்கிழமை நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்று சொன்னாள். பிள்ளை கண் திறந்தான். காத்தான் காலமாகிவிட்டான், கொட்டகை வேலையும் உடம்போடு சேர்ந்து ஓய்ந்துவிட்டது. வார்த்தை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆனால் அந்த அம்மனின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. காலனிக்காரர்கள் சாலையோரத்து வேப்பமரத்தோடு நின்றுவிட வேண்டும். அப்படி ஒரு பலகை எழுதி யாரும் மாட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். மரத்தடியிலிருந்து பார்த்தால் வாசலுக்குள் ஒரு சுடர் மேலும் கீழும் ஆடுவது தெரியும். அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். முகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

அன்பரசு இப்போது மின்வாரியத்தில் லைன்மேன். கோயிலுக்குக் கரண்ட் போனால் கம்பத்தில் ஏறிச் சரிசெய்து கொடுப்பான். இறங்கி உள்ளே போக முடியாது. சாமி கும்பிடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

“உன்ன உள்ள உடாத சாமிக்கு எதுக்கும்மா பட்டினி கெடக்கற?”

“அவளா கண்ணு உடலைங்கறா? மனுசங்கதான உடமாட்டீங்கறாங்க.”

“அப்ப அந்த மனுசங்கள அவ ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?”

மாரியாயி முறத்தை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். குனிந்து கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்கிற வேலையை அன்பரசும் காலனிப் பிள்ளைகளும் செய்தார்கள். மனு, பேச்சுவார்த்தை, மறுபடி மனு. தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, அதிகாரிகளும் போலீசும் முன்னால் நடக்க, எல்லோரையும் கோயிலுக்குள் அழைத்துப் போவதாக முடிவாயிற்று. மாரியாயி கலங்கிப் போனாள். “வெரதமில்லாம எப்படி அவ மூஞ்சில முழிக்கறது?” என்று புதன்கிழமையையும் வெள்ளிக்கிழமை ஆக்கிக்கொண்டாள்.

வாசற்படி வந்ததும் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினாள். மைக்கை நீட்டி யாரோ ஏதோ கேட்டார்கள், காதில் விழவில்லை. கருவறைக்கு முன்னால் போய் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க ஆத்தா ஆத்தா என்று கூப்பிட்டவள் அங்கே முழங்கை உயரத்தில், மஞ்சள் பூசி, சிவப்புப் பாவாடையில் உட்கார்ந்திருந்தாள்.

“அடியே, இத்துனூண்டுப் புள்ளயா நீ?” என்றாள் மாரியாயி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. இத்தனை காலம் இந்தச் சிறுபிள்ளையிடமா இவ்வளவு பாரத்தையும் இறக்கி வைத்தோம் என்று இருந்தது அவளுக்கு.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை சீவிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். இந்த முறை வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. ஆனால் கதவில் பூட்டுத் தொங்கியது. காலனி ஆட்கள் வந்து போன கோயிலுக்கு இனி நாம் போவதில்லை, பூசையும் வேண்டாம் என்று ஊர்த் தெருவில் பேசி முடித்திருந்தார்கள். சாவி பூசாரி நாச்சிமுத்துவிடம் இருந்தது. இருட்டும் வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஜோதி தட்டு வைத்தாள். மாரியாயி கையை நனைக்கவில்லை. “அவளே இருட்டுல பட்டினியாக் கெடக்கறா. நான் எப்படி அம்மிணி திங்கறது?”

சனிக்கிழமையும் அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து நிற்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்பரசுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம். அம்மாவை உள்ளே அழைத்துப் போக வேண்டும் என்று அலைந்தவன் அவன். அதனாலேயே அம்மா இப்படிக் கிடக்கிறாள்.

“போயி அந்தப் பூட்ட ஒடச்சுப் போடறேன். அப்பவாவது திங்கறயா?”

“ஒடைக்காத கண்ணு. அவ ஊட்டுக்குள்ளயே திருடனாட்டம் நொழைய முடியுமா?” என்றவள், மகன் முகத்தைப் பார்த்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “வண்டிய எடு. பூசாரி ஊட்டுக்குப் போலாம்” என்றாள்.

ஊர்த் தெருவுக்குள் அவர்கள் வண்டி நுழைந்ததும் வாசல்களில் பேச்சு நின்றது. பூசாரி வீட்டு முன்னால் இறங்கி, வேலிப் படலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். நாச்சிமுத்து மழிக்காத முகத்தோடு வெளியே வந்தார். அவளைவிட நாலைந்து வயது இளையவர்.

“உன்னால ஊரே ரெண்டாக் கெடக்குது. இங்க எதுக்கு வந்த?”

“வெளக்கு வெக்கோணுங்க.”

“தொறக்கக் கூடாதுன்னு சொல்லிப் போட்டாங்க. நான் என்ன பண்றது?”

மாரியாயி அவரையே பார்த்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவளுக்குத் தெரியாத முகமா அது?

“ஏனுங்க, நீங்க சாப்புட்டீங்களா?”

அவர் முகவாயைத் தடவிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. “எங்க சாப்புட்டாரு? பூசை பண்ணாம கை சோத்துக்குப் போக மாட்டீங்குதாம். வெள்ளிக்கிழமையிலிருந்து வெறும் காப்பித் தண்ணிதான்.”

நாச்சிமுத்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர் வீட்டு வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவர் உள்ளே போனார். அன்பரசு வண்டியைத் திருப்பிவிட்டான். திரும்பியவன் காதில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

பூசாரி முன்னால் நடந்தார். தாயும் மகனும் பின்னால். நாச்சிமுத்து பூட்டைத் திறந்து, கருவறையைக் கூட்டி, வாடிய மாலையை எடுத்துப் போட்டு, அம்மனுக்குத் தண்ணீர் வார்த்தார். திரி போட்டுத் தீக்குச்சியைக் கிழித்து விளக்கேற்றினார். மாரியாயி பழக்க தோஷத்தில் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“அங்கயே நின்னா எப்படி? உள்ள வாங்க” என்றார் நாச்சிமுத்து.

அந்த ‘ங்க’ காதில் விழுந்து அன்பரசு நிமிர்ந்தான். அதுவரை அந்த வாயிலிருந்து அவன் அம்மாவுக்கு அது வந்ததில்லை.

மணி அடித்தது. கற்பூரம் எரிந்து அடங்கும்வரை மாரியாயி கண்ணை மூடவேயில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். போன இடத்திலேயே விரதம் முடிக்கட்டும் என்று ஜோதி இரண்டு வாழைப்பழங்களைக் கொடுத்தனுப்பியிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைப் பூசாரியிடம் நீட்டினாள்.

நாச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு பழத்தை வாங்கிக்கொண்டு, அதே படியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தோலை உரிக்கத் தொடங்கினார்.