ஒரே ஊருணியை இரண்டு தடவை காட்டினோம்

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள். நானும் வாங்குகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிற வறண்ட காட்டில், கிராமங்களுக்கு ரோடு போடுவதும் ஊருணி வெட்டுவதுமாக இருந்த ஒரு அரசாங்க அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே கிளார்க். அந்த அலுவலகத்தில் ஒரே பெண். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஆளும் நான் ஒருத்திதான். இந்த இரண்டு தகுதியும் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஒரு வறட்சி வருஷத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டுக்கு தலா ஒரு குடிதண்ணீர் ஊருணி வெட்ட அரசாங்கம் பணம் கொடுத்தது. ஒரு ஊரில் வெட்டினார்கள். கரை போட்டு, வடபுறம் படித்துறை கட்டி, நன்றாகவே வெட்டினார்கள். அடுத்த ஊரில் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. ஆனால் இரண்டு வேலையும் முடிந்துவிட்டதாகப் பில் போனது, பணமும் வந்தது. யார் யார் பங்கு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் வரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு செய்தவர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது.

மாட்டிவிட்டது ஓவர்சியரின் சோம்பேறித்தனம். வெட்டாத ஊருணிக்கு அளவு எழுத வேண்டுமே, வெட்டிய ஊருணியின் நீளம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் அப்படியே பார்த்து எழுதிவிட்டார். ஒரு சென்டிமீட்டர்கூட மாற்ற அவருக்குக் கை வரவில்லை. அளவுப் புத்தகத்தின் அந்தத் தாள்களை நகல் எடுத்தவள் நான். எனக்குக் கண்ணில் பட்டது, வாயைத் திறக்கவில்லை. பிறகு வந்த தணிக்கைக்காரர்களுக்கும் கண்ணில் பட்டது, அவர்கள் எழுதிவிட்டார்கள். அது அறிக்கையில் ஏறி, துறைகள் செய்த செலவைத் துருவிப் பார்க்கிற ஒரு சட்டமன்றக் குழுவின் கைக்குப் போனது. குழு எங்கள் துறையின் பெரிய அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. இரண்டு ஊருணியும் இருக்கின்றன என்று அவர்கள் சாதித்தார்கள். அப்படியானால் நேரிலேயே வந்து பார்க்கிறோம் என்று குழு சொல்லிவிட்டது.

ஊருணி இல்லாத அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. பெண்கள் குடத்தோடு அடுத்த ஊர் ஊருணிக்குத்தான் நடந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் எடுத்து முடித்த பிறகுதான் இவர்கள் குடத்தை இறக்கலாம். கொஞ்சம் முந்தினால் வண்டி வண்டியாக ஏச்சு விழும். அந்த உப்புத்தண்ணீர் ஊரிலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை மனுவோடு எங்கள் அலுவலகத்துக்கு வருவார். புருஷன் இல்லாதவர், மானாவாரி நிலத்தில் தானே பாடுபட்டுக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. வேறு யார் மேஜைக்கும் போகாமல் நேரே என்னிடம் வந்து நிற்பார். குழு வரப்போகிற சேதி தெரிந்ததும் வந்து, என்றைக்கு வருகிறார்கள் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். ஊருக்கே வருவார்கள், எல்லாரும் ஊரிலேயே இருங்கள், ரோட்டுப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னேன். எங்கள் அதிகாரி என்னைச் சொல்லச் சொன்னது அது. ஏன் சொல்லச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

திட்டம் இதுதான். காலையில் குழுவை வெட்டிய ஊருணியின் கிழக்குக் கரையில் கொண்டுபோய் நிறுத்துவது. அருப்புக்கோட்டைக்குத் திரும்பி நாட்டுக்கோழிக் குழம்போடு மதியச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு பந்தல்குடி ரோட்டில் போய், சீமைக்கருவேலங்காட்டுக்குள் வண்டித்தடத்தில் சுற்றோ சுற்றென்று சுற்றி, அதே ஊருணியின் மேற்குக் கரையில் இறக்குவது. இரண்டு கரையிலும் இரண்டு ஊர்ப் பெயரோடு பலகை நட்டாயிற்று. காலையில் வலது கைப்பக்கம் தெரிகிற படித்துறை, சாயங்காலம் இடது கைப்பக்கம் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு அது போதும் என்று முடிவு செய்தார்கள். என்னைத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை கட்டி வரச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு போனேன்.

காலை எந்தச் சிக்கலும் இல்லை. சாயங்காலம் மேற்குக் கரையில் இறங்கியதும் குழுத் தலைவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றுப்பாசனப் பக்கத்துக்காரர், வயதானவர். எங்கள் அதிகாரி அளவுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தார், தலைவர் காதில் வாங்கவில்லை. இளநீர்த் தட்டோடு நின்ற என்னிடம் வந்தார்.

“நீ இந்தப் பக்கத்துப் பொண்ணாம்மா?”

ஆமாங்கய்யா என்றேன்.

“காலைல பார்த்ததும் இப்படியேதானே இருந்துச்சு?”

சுற்றி நின்ற அத்தனை அதிகாரிகளும் என் வாயைப் பார்த்தார்கள். அவர் என்னை மிரட்டவில்லை. மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது.

“எங்க பக்கம் ஊருணி எல்லாம் ஒரே மாதிரிதான்யா இருக்கும்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு இளநீரை எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எந்த ஊருணியும் இன்னொன்று மாதிரி இருக்காது. ஒரு ஊருணித் தண்ணீர் இனிக்கும், ஒன்று லேசாகத் துவர்க்கும், ஒன்றில் சோறு வெள்ளையாகப் பொங்கும். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மடக்கு வாயில் ஊற்றினால் எந்த ஊர்த் தண்ணீர் என்று என் அம்மா சொல்லிவிடுவார். நானே சொல்வேன். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் என்பதால்தான் அவர் என்னைக் கேட்டார், அதனால்தான் நம்பினார்.

குழு திருப்தி தெரிவித்து எழுதிவிட்டது. தணிக்கை ஆட்சேபணை கைவிடப்பட்டது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள், என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தார்கள். லட்டைத் தின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில், அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு எழுந்து போக முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று பாஸ்டரம்மா கேட்டார். தலைவலி என்றேன். அதுவும் பொய்.

அந்த ஊர் வழியாக வீரசோழனுக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர்தான் பிறகு சொன்னார். அந்த வியாழக்கிழமை ஊரே வேலைக்குப் போகாமல் காத்திருந்ததாம். தெருவெல்லாம் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்களாம். அந்த அம்மா ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரை மூடி வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும் என்று பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தாராம். நான் இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, ஒருத்தர்கூட நகரவில்லை.

அதற்கப்புறமும் அவர் என்னைத் தப்பாக நினைக்கவில்லை. பெரிய மனுஷர்களுக்கு நேரம் இல்லாமல் போயிருக்கும் என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூறுகள் பிறந்த பிறகு, ஊருணி இல்லாத ஊர்களுக்கு வெட்டிக்கொடுக்க இன்னொரு திட்டம் வந்தது. அந்த அம்மா பேரிலேயே அந்த ஊர் மனு கொடுத்தது. தள்ளுபடி. பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். அந்த ஊரில் ஏற்கெனவே ஊருணி உள்ளது என்றும், சட்டமன்றக் குழுவே நேரில் பார்வையிட்டு உறுதி செய்துள்ளதால் மறுபடி ஒதுக்க வழியில்லை என்றும் அதில் இருந்தது. விதிப்படி ஒரு குறையும் இல்லாத கடிதம்.

கடிதம் போன நாலாம் நாள் அந்த அம்மா அதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்தார்.

“ஊர்ல படிச்ச பயலுக இருக்காக. எனக்கென்னமோ நீங்க வாசிச்சாத்தான் மனசுக்கு நிறைவு தாயி.”

பிரித்தேன். என் தட்டச்சு, என் வாக்கியங்கள். முதல் வரியைப் பார்த்தபடி, மனு பரிசீலனையில் இருப்பதாக எழுதியிருக்கிறது என்றேன். சீக்கிரம் நல்ல முடிவு வரும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அவர் முகம் மலர்ந்துபோனது. கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

“நம்ம பக்கத்துப் புள்ள ஒண்ணு ஆபீசுல இருக்கப்போயி இம்புட்டாவது நடக்கு. அடுத்த மாசம் வாரேன் தாயி.”

அன்றைக்குச் சாயங்காலமே மாறுதல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். குழு விஷயத்தில் நான் செய்த உதவியை மறக்காமல் அதிகாரி பத்தே நாளில் வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அந்த அம்மா வந்திருப்பார். என் மேஜையில் வேறொருவர் இருந்திருப்பார், முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்த கடிதத்தை உள்ளபடி வாசித்தும் காட்டியிருப்பார்.