சுந்தராம்பாள் போட்ட கையெழுத்து

சுந்தராம்பாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். பாறையைத் துளைக்க வந்த சிவமுருகன் சாருக்கு மட்டும் தெரியாமல் போனது.

பாலசமுத்திரத்து வயற்காட்டில் பிறந்து, ஆண்டிச்சாமியைக் கட்டிக்கொண்டு மலையேறியவள் அவள். வந்த முதல் வாரமே, "இம்புட்டு மழை பெய்யிற ஊர்ல குடிக்கத் தண்ணி இல்லையா?" என்று கேட்டாள். இல்லைதான். பெய்கிற மழையெல்லாம் சரிவில் இறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்விடும். மாசி பிறந்தால் ஓடைக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். முப்பது வருஷம் நடந்தாள். வார்டு மெம்பருக்கு நின்றதே தண்ணீருக்காகத்தான். ஜெயித்தபின் மனு மனுவாக எழுதிப் போட்டு ஒரு தொட்டியும் ஓடையில் ஒரு மோட்டாரும் வாங்கினாள். மோட்டார் எரிந்து எட்டு மாதமாகிறது. இன்றைக்கு வருகிறோம், நாளைக்கு வருகிறோம் என்கிறார்களே தவிர ஒருத்தரும் வந்தபாடில்லை.

இந்த நிலையில்தான் போன தை மாதம் ஊருக்கு மேலே புறம்போக்கில் துளை போடுகிற வண்டி வந்து நின்றது. தவித்த வாய்க்காரர்கள் அதை எதற்கு என்று கேட்பார்களா? தண்ணீருக்குத்தான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, வண்டிக்குப் பொட்டிட்டு, வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் பொங்கிப் போட்டார்கள். சிவமுருகன் சார் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, ஊர் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று இங்கிலீஷ் தாளை நீட்டினார். அவள் இனிஷியலோடு முழுப் பேரையும் எழுதி, நகல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, எதற்கு என்று வாயையே திறக்கவில்லை. பொய் சொல்கிறவனையாவது ஒரு நாள் மடக்கிவிடலாம். தின்ற பொங்கலை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறவனை என்ன செய்வது?

தண்ணீருக்குப் போர் போட்டால் பொடிதான் பறக்கும். இந்த வண்டி உலக்கைத் துண்டு மாதிரி உருளைக் கல்லாக எடுத்தது. அதையெல்லாம் நம்பர் போட்டுப் பெட்டியில் அடுக்கினார்கள். புது மெஷின் போலிருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில் தண்ணீர் தானாகவே பீறிட்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். முதல் குடம் காளியம்மனுக்குப் போனது. மறுநாளே குழாய் வாயை இரும்பு மூடியால் அடைத்துப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஏதோ டெஸ்ட் பாக்கி என்றார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் சுந்தராம்பாள் தன் கையெழுத்துப் போட்ட தாளை லேமினேஷன் செய்து ஊர்ச் சாவடியில் மாட்டலாம் என்று வெள்ளனே பஸ் ஏறினாள். கொடைக்கானலில் நாயுடுபுரத்து ஜெராக்ஸ் கடைக்காரி அர்ஃபா, பி.எஸ்ஸி. படித்தவள். தாளை மெஷினுக்குள் விடப்போனவள் படித்துப் பார்த்து நிறுத்தினாள்.

"அக்கா, இது தண்ணிக்கு இல்லக்கா. அணு உலையில எரிச்ச எரிபொருள் மிச்சம் இருக்குல்ல, அதைப் பாறைக்குள்ள காலத்துக்கும் புதைக்க எடம் தேடுறாங்க. தண்ணி வந்தா அந்த எடம் ஆகாதாம். ஓட்டையை அடிவரைக்கும் சிமெண்ட் ஊத்தி அடைச்சிருவாங்களாம். ஊருக்கு ஆட்சேபணை இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க."

"வந்த தண்ணியவா அடைப்பாங்க?"

"அப்படித்தான்க்கா போட்டிருக்கு. இதை லேமினேஷன் பண்ணவா?"

"வேணாம் கண்ணு" என்றாள் சுந்தராம்பாள். குரல் இறங்கிவிட்டது. ஊர் திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றினார்களே என்பதைவிட, பொட்டு வைத்துப் பொங்கல் போட்டு வரவேற்றோமே என்பதுதான் தாங்கவில்லை. இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே மேலே ஏறினாள்.

சிவமுருகன் சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்றதும் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இது வெறும் ஆய்வுதாம்மா. இங்க எதையும் வைக்கப் போறதில்ல. ஆனா எங்கயாவது வச்சுத்தானே ஆகணும்? இப்ப உலைக்குப் பக்கத்துலயே தண்ணித் தொட்டியில கெடக்கு. எத்தனை நாளைக்கு அப்படியே விடுறது?"

"அடுப்பைப் பத்த வைக்கும்போதே சாம்பலை எங்க கொட்டுறதுன்னு யோசிக்க மாட்டீங்களா? எங்க வீட்டுல அப்படி இருந்தா என் மாமியா தொடப்பத்தை எடுத்திருக்கும். சரி, அது எத்தனை வருசத்துக்கு அங்க கெடக்கணும்?"

"அது... பல ஆயிரம் வருஷம்."

"அத்தனை வருசமும் யாரு பாத்துக்குவா?"

"அரசாங்கத்தோட பொறுப்பும்மா அது."

அவள் சிரித்தாள். "அரசாங்கம் மாட்டுன மோட்டாரு எரிஞ்சு எட்டு மாசம். அதைப் பாக்க ஒரு ஆளு வரல. நீங்க ஆயிரக்கணக்குல பேசுறீங்க. அந்த இங்கிலீஷ் தாள்ல உங்க பேரு எங்கயாவது இருக்கா சார்? மேலிடத்துப் பேரு? ஒண்ணும் இல்ல. பேரு போட்டவ நான் ஒருத்திதான். பூண்டு உரிக்கிற பொம்பள."

அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் உத்தியோகம் விடவில்லை. சிமெண்ட் லாரி மலையேற ஒரு வாரமாகும், அதுவரை இங்கே காவல் இல்லை, மூடியை ஊர்ப் பிரதிநிதியிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு என்று இன்னொரு தாளை எடுத்தார். இது தமிழில் இருந்தது. அவள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: "இரும்பு மூடி ஒன்று, பூட்டு ஒன்று, சாவி ஒன்று. மேற்கண்ட துளைக்கு இன்று முதல் முழுப் பொறுப்பு..." அதற்கப்புறம் கோடு போட்ட இடம்.

அவள் போன வேகத்தைப் பார்த்துப் பின்னாலேயே ஏறி வந்திருந்த பெண்கள், போடாதே என்று கத்தினார்கள். சின்னத்தாயி அவள் கையையே பிடித்து இழுத்தாள். சுந்தராம்பாள் உதறிவிட்டு முழுப் பேரையும் எழுதினாள். ஒரு நகலை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினாள். தாளில் இருக்கிறதே, அவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"ஏத்தா சின்னத்தாயி, தோட்டத்துல கெடக்குற கருப்பு ஹோஸ் அம்புட்டையும் கொண்டாரச் சொல்லு. வெரசா."

சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தாள். ஹோஸ் வந்து சேர்ந்ததும் நாலு பேர் சேர்ந்து மூடியைக் கழற்ற, தண்ணீர் எழும்பிச் சிவமுருகனின் பேண்ட்டை நனைத்தது.

"அம்மா, என்ன பண்றீங்க? அது கவர்மெண்ட் துளை!"

"நேத்து வரைக்கும்" என்றாள் சுந்தராம்பாள், ஹோஸின் முனையைக் குழாய்க்குள் திணித்துச் சாக்கைச் சுற்றி இறுக்கியபடி. "இப்ப இதுக்குப் பொறுப்பு நான். சிமெண்ட் லாரி வரட்டும், பேரு போடுற ஆளு யாருன்னு கேட்டுட்டுத்தான் கிட்ட விடுவேன்."