ஒவ்வொரு கூட்டத்திலும் கை தூக்கியவர்

என் அக்கா புருஷன் ஜெபசிங் அத்தானைப் போல இரட்சிக்கப்பட்ட மனிதர் தூத்துக்குடி வட்டாரத்திலேயே கிடையாது. மற்றவர்கள் வாழ்நாளில் ஒரு தடவை இரட்சிக்கப்படுவார்கள். அத்தான் வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை. நாசரேத்தில் கன்வென்ஷன் நடந்தால் அங்கே, சாத்தான்குளத்தில் எழுப்புதல் கூட்டம் என்றால் அங்கே, உடன்குடிப் பக்கம் செம்மணலில் யாராவது பந்தல் போட்டு டியூப் லைட் கட்டினால் அங்கேயும்.

கூட்ட முடிவில் பிரசங்கியார் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "இன்றைக்கு இயேசுவை உங்கள் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்பார். பந்தலில் முதல் கை அத்தானுடையதாகத்தான் இருக்கும். முன்னால் வரச் சொன்னால் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போய் மணலில் முழங்காலிடுவார். கண்ணை மூடச் சொன்ன நேரத்தில் இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம். அவர் பக்கத்தில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சாத்தான்குளத்தில் ஒரு தடவை, முன்னால் வந்தவர்களுக்காக ஜெபிக்க நின்ற ஊழியக்காரத் தம்பி இவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க போன வருஷமும் வந்திருந்தீயளே?"

"ஆமா தம்பி. அது சரியா விழலன்னு நினைக்கேன். இன்னொரு தடவ ஜெபம் பண்ணிரு" என்றார் அத்தான்.

கடலில் முத்து எடுக்கப் போனவன் சிப்பியைத் திறந்து பார்க்காமலே மறுபடி மறுபடி முங்கின மாதிரிதான் இது என்று நான் கேலி செய்வேன். அத்தான் கோபிக்கமாட்டார். பாவமாக ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

அவருக்கு வீடு முத்தையாபுரத்தில். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவர். பெட்டியை டிரெய்லரில் இறக்கிவைத்ததும் நாலு மூலையிலும் லாக் போட வேண்டும். லாக் சரியாக விழாமல் வளைவில் திரும்பினால் பெட்டி சரிந்து ஆளையே கொன்றுவிடும். அத்தான் லாக் போடுவார், வண்டியில் ஏறுவார், சாவியைத் திருகுவார், பிறகு இறங்கி வந்து நாலு மூலையையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். கேட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை. பின்னால் நிற்கிற டிரைவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே திட்டுவார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு பெட்டிகூட அசைந்தது கிடையாது, அதை நான் மதிக்கிறேன். வீட்டுக் கதவைப் பூட்டினாலும் இதே கூத்துதான். தெருமுனை வரை வந்துவிட்டு, "பூட்டுனேனா?" என்று திரும்பி ஓடுவார். ஆத்துமா விஷயத்திலும் அதே கை, அதே புத்தி.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. கைக்குழந்தையில் ஞானஸ்நானம், மீசை முளைக்கும் வயதில் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல், ஞாயிறு தவறாமல் ஆராதனை என்று நிம்மதியாக இருந்த மனிதர். நாற்பது வயதை ஒட்டி ஒரு கன்வென்ஷனில் நிஜமாகவே மனசு உடைந்து, நான் பாவி, இயேசு எனக்காக மரித்தார் என்று சொல்லிக் கை தூக்கினார். அதுவரை சாயங்காலம் ஆனால் குடித்துவிட்டு வந்து அக்காவை அழவைத்தவர், அதற்குப் பிறகு குடியைத் தொடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அவரோடு வண்டி ஓட்டுகிற ஷாம் ஒரு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னான். இயேசுவை ஏற்றுக்கொண்ட அன்று உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கரண்ட் பாய்ந்த மாதிரி இருந்ததாம். சொல்லமுடியாத சந்தோஷத்தில் விடிய விடிய அழுதானாம். ஷாம் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் அத்தானுக்கு வினையாகப் போயிற்று. அவருக்குக் கரண்டும் பாயவில்லை, அழுகையும் வரவில்லை. கை தூக்கின அன்று கொசு கடித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம். அப்படியானால் எனக்கு நடந்தது இரட்சிப்பே இல்லையோ என்று ஆரம்பித்தார்.

போன வருஷம் பங்குனி வெயிலில் துறைமுக கேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த டாக்டர், அடைப்பு பல இடத்தில் இருக்கிறது, பைபாஸ் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று சொல்லிவிட்டார். அத்தான் மாட்டேன் என்றார். அக்கா கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பாடு போடமாட்டேன் என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கத்திக்குப் பயப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்கவேண்டாம். அத்தான் பிழைத்துவிட்டார். நேற்றுகூட என் ஹார்டுவேர் கடைக்கு வந்து ஒரு பூட்டு வாங்கிப் போனார். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின கதை.

ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டு மாடியில் என்னிடம் தனியாக மாட்டிக்கொண்டார். நான் விடவில்லை.

"என்ன அத்தான், சின்னப்பிள்ள மாதிரி? மயக்க ஊசி போட்டுட்டா ஒண்ணும் தெரியாதுல்லா?"

"அதான் மாப்ள பயமே" என்றார். "ஊசி போட்டதும் கண்ண மூடுவேன். இங்கன முழிக்காமப் போயிட்டா, எங்க முழிப்பேன்? அது எனக்கு உறுதியாத் தெரியலயே. தெரியாம எப்படிப் போய்ப் படுப்பேன்?"

இவ்வளவு நாள் நான் கேலி செய்த விஷயம் அந்த மனிதருக்குள் இப்படி ஒரு பயமாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நேராகப் போய் எங்கள் ஐயரை அழைத்து வந்தேன். எங்கள் பக்கம் சபை குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். எங்கள் ஐயர் குரலை உயர்த்தாத மனிதர். பிரசங்கத்தில் எனக்குத் தூக்கம் வருவதற்கும் அதுவே காரணம்.

ஐயர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தார். அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபசிங், நீரு பாவின்னு ஒத்துக்கிட்டீரா?"

"ஒத்துக்கிட்டேன் ஐயா. அதுல என்ன சந்தேகம்?"

"இயேசு உம்ம பாவத்துக்காக மரிச்சாரு, தேவன் அவர உயிரோட எழுப்புனாருன்னு மனசார நம்புதீரா? அவர்தான் என் ஆண்டவர்னு வாயால சொல்லுதீரா?"

"நம்புதேன். சொல்லுதேன்."

"அப்படிப்பட்டவன் இரட்சிக்கப்படுவான்னுதான் வேதத்துல இருக்கு. வேற ஒண்ணும் கேக்கல. நம்ம நல்ல செய்கையால சம்பாதிச்சா நாம மேட்டிமை பேசலாம். இது சும்மா குடுக்குற ஈவு. வாங்கிக்கிட வேண்டியதுதான்."

"அவரு மேல எனக்குச் சந்தேகமே இல்லய்யா" என்றார் அத்தான். "சந்தேகம் எம்மேலதான். நான் சரியா வாங்குனேனான்னு தெரியல."

ஐயர் சிலுவையில் தொங்கின கள்ளனைப் பற்றிச் சொன்னார். அவனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்லை, ஒரு நன்மை செய்ய வழியில்லை. என்னை நினைத்தருளும் என்று ஒரு வார்த்தை கேட்டான். இன்றைக்கே என்னோடுகூடப் பரதீசிலிருப்பாய் என்று பதில் வந்தது. "ரெண்டு கையிலயும் ஆணி அடிச்சிருந்துச்சு ஜெபசிங். அவனால கை தூக்கியிருக்க முடியுமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை.

"அவன்ட்ட இயேசு நேர்ல சொன்னாரு. அவன் காதால கேட்டான். எனக்குள்ள ஒண்ணும் தோணலயே ஐயா. சந்தோஷம் வரல, சமாதானம் வரல. கரண்ட் மாதிரி ஏதாவது ஒண்ணு..."

அடுப்படி வாசலில் வெங்காயத் தட்டு டங்கென்று தரையில் விழுந்தது.

"கரண்டாம் கரண்டு!" என்றபடி அக்கா எழுந்து வந்தாள். அவள் பெயர் கிருபாபாய். கோபம் வந்தால் ஐயர் இருக்கிறார், ஆயர் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர் வேறு.

"நம்ம கலியாணத்தன்னைக்கு உங்களுக்குக் கரண்டு பாஞ்சுதா?"

அத்தான் முழித்தார்.

"சொல்லுங்க. ஐயருக்குத் தெரியட்டும். கடவாப் பல்லு வலிச்சு, தாடை இங்கன வரைக்கும் வீங்கி, சவரம்கூடப் பண்ணாம வந்து நின்னிய. எம்மொகத்த ஒரு தடவ நிமிந்து பாத்தியளா? இல்ல. ஐயரு கேட்ட கேள்விக்கு ஆம்னு சொல்லணும், உங்களுக்கு ஆன்னு பாதிதான் வந்துச்சு. பந்தியில ஒரு வாய் திங்கல. போட்டாவுல பாத்தா எழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி நிக்கிய. சந்தோஷமா இருந்துச்சா அன்னைக்கு?"

"வலி உயிரே போச்சுல்லா" என்றார் அத்தான் மெதுவாக.

"சந்தோஷம் இல்லன்னு மறுநாளு கோயிலுக்கு ஓடி இன்னொரு தாலி கட்டுனியளா? கலியாணம் சரியா விழலன்னு வருசா வருசம் போய்க் கட்டுனியளா? நான் உங்க பெஞ்சாதியா இல்லயான்னு என்னைக்காவது சந்தேகம் வந்துச்சா?"

"அது எப்படி வரும்? ஐயரு முன்னால, சபைக்கு முன்னால வாக்குக் குடுத்தாச்சே."

"அதத்தான நானும் சொல்லுதேன்!" அக்காவுக்கு இப்போது வெங்காயம் இல்லாமலே கண்ணீர் வந்துவிட்டது. "வாக்குக் குடுத்தா முடிஞ்சுபோச்சு. சந்தோஷம் பல்லுவலி போனப்புறம் தானா வந்துச்சு. பல்லுவலிக்காரரு வீங்குன வாயால சொன்ன பாதி வாக்க நம்பி நான் இத்தன வருசம் உங்ககூட இருக்கேன். எங்கிட்ட வாரவனத் தள்ளவேமாட்டேன்னு இயேசு முழு வாக்கா சொல்லியிருக்காரு. அத நீங்க நம்பமாட்டியளா? நீங்க வந்தியள்லா? அவரு ஏத்துக்கிட்டாரு. திரும்பத் திரும்பப் போய்க் கையத் தூக்குறியளே, ஒவ்வொரு தடவையும் அவரப் பொய்க்காரராக்குதிய. அது தெரியுதா உங்களுக்கு?"

ஐயர் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிரசங்கத்தில் நான் தூங்கவில்லை.

அத்தான் கையை விரித்துப் பார்த்தார். லாக்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. பிறகு, "அப்ப மொத தடவயே..." என்றார்.

"மொத தடவயேதான்" என்றார் ஐயர். "குடிய விட்டீரே, அது யாரு செஞ்சதுன்னு நினைக்கீரு? நீரு அவரப் பிடிச்சிருக்கிற பிடிய ஆட்டி ஆட்டிப் பாக்கீரு. அவரு உம்மப் பிடிச்சிருக்காரு ஜெபசிங். அந்தக் கையிலயிருந்து உம்ம ஒருத்தனும் பறிக்க முடியாதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

"சோதிச்சுப் பாக்க வேண்டாமா?"

"பாவம் செஞ்சா மனம் திரும்பும், மன்னிப்புக் கேளும். அது தினமும் செய்யவேண்டியது. ஆனா பிள்ள தப்புப் பண்ணுனா அப்பன்ட்ட மன்னிப்புக் கேக்கும். நான் உம்ம பிள்ளதானான்னு தினமும் கேட்டா அந்த அப்பன் மனசு என்ன பாடுபடும்?"

அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுக, கண் ஒழுக, ஒரு சிரிப்பு. "கூட்டத்துக்குக் கூட்டம் மணல்ல முட்டி தேஞ்சதுதான் மிச்சம்!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஐயரும் சிரித்தார். அக்கா மட்டும், "இப்பமாவது புரிஞ்சுதே" என்று மூக்கைச் சிந்தினாள். அந்த வீட்டில் அவ்வளவு இலேசான மூச்சு நான் அதுவரை விட்டதில்லை.

ஐயர் ஜெபிக்கச் சொன்னார். அத்தான் வழக்கமாகச் சொல்லுகிற நீளமான ஜெபம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு, "ஆண்டவரே, ஸ்தோத்திரம். இத்தன நாளா உம்மத் தொந்தரவு பண்ணிட்டேன். ஏத்துக்கிட்டதுக்கு ஸ்தோத்திரம். ஆமென்" என்று முடித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, டாக்டர்ட்ட நாள் கேளு" என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறோம். பச்சை உடுப்பு மாட்டி, தலையில் குல்லா வைத்து, தள்ளுவண்டியில் அவரைக் கொண்டுவந்தார்கள். அக்கா கல்லாக நின்றாள். அவளும் நானும் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். கதவுக்குள் போகிற கடைசி நேரத்தில் பழைய பயம் வந்து, ஐயரைக் கூப்பிடு, இன்னொரு தடவை ஜெபம் பண்ணச் சொல்லு என்று எழுந்து உட்கார்ந்துவிடக்கூடாது.

கதவுக்கு முன்னால் அத்தான் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். நர்ஸ் நின்றாள். அத்தான் தலையைத் திருப்பி அக்கா முகத்தைப் பார்த்தார். நன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"கிருபா, மொகம் ஏன் இப்படி வாடியிருக்கு? காலையில எதுவும் சாப்பிட்டியா இல்லயா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"சுகருக்காரி வெறும் வயித்தோட நிக்கா பாரு. ஏ மாப்ள, இவளக் கூட்டிட்டுப் போய் மொதல்ல இட்லி வாங்கிக் குடு. நான் போயிட்டு வாரேன்."

கதவு மூடிக்கொண்டது. அக்கா நின்ற இடத்திலேயே உடைந்து அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து, ஒன்றும் ஆகாது என்று தேற்றினேன். கான்டீனில் கொண்டுபோய் உட்காரவைத்து இட்லித் தட்டை முன்னால் வைத்தேன். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள், மறுபடி அழுதாள்.

"பயமெல்லாம் இல்லலே" என்றாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து இன்னைக்குத்தான் நான் சாப்பிட்டேனான்னு கேட்டிருக்காரு. சட்னி பத்தாது, வாங்கிட்டு வா."